டேட்டைமை இம்போர்ட் செய்தால் ஏன் எரர் வருகிறது, எப்படிப் பிடிப்பது

டேட்டைம் என்பது திகதி, நேரக் கணக்குக்காகப் பைதன் மொழியோடு கூடவே வருகிற மொடியூல், அதாவது இம்போர்ட் என்ற வரியால் புரோகிராமுக்குள் எடுத்துக்கொள்கிற ஒரு சாமான். அதை ஒருவரும் தனியாக இன்ஸ்டோல் செய்யத் தேவையில்லை, பைதன் இருந்தால் அதுவும் இருக்கும். இதை ஏன் முதலே சொல்கிறேன் என்றால், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு உயர்தர ஐசிடி புரொஜெக்டோடு வருகிற பிள்ளைகள் சிவப்பு எழுத்தைக் கண்டவுடன் செய்கிற முதல் வேலை "பிப் இன்ஸ்டோல் டேட்டைம்" என்று அடிப்பதுதான். பிப் என்பது பைதனுக்கு வேண்டிய பொதிகளை இறக்கிப் போடுகிற கருவி. அது மறுப்பும் சொல்லாது, வடிவாக இன்ஸ்டோல் ஆகிவிடும், ஏனென்றால் பிப் பொதிகளை எடுக்கிற பைப்பிஐ என்ற இணையக் களஞ்சியத்தில் அந்தப் பெயரில் உண்மையாகவே ஒரு பொதி இருக்கிறது. ஆனால் அது ஸோப் என்ற திட்டத்துக்காக எழுதப்பட்ட வேறொரு டேட்டைம். உங்களுடைய எரர் போட்டது போட்டபடி நிற்கும், அதோடு தேவையில்லாத மூன்று சாமான் கணினிக்குள் குடிவந்திருக்கும். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் "பிப் அன்இன்ஸ்டோல் டேட்டைம்" என்று அடித்துக் கழற்றிவிடுங்கள், ஒன்றும் குறையாது.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக அடியுங்கள், பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன். விண்டோஸ் பைல் பெயரில் பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்க்காது, பைதன் இம்போர்ட்டில் பார்க்கும். டேட்டைமுக்கு முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டதால் மட்டும் வந்த எரரோடு வந்த பிள்ளைகளும் உண்டு.

சரி, எரர் வந்துவிட்டது. கடைசி வரியை வாசியுங்கள். வட்ஸ்அப்பில் எனக்கு வருகிற படங்களில் எப்போதும் மேல் பாதிதான் இருக்கும், விஷயம் இருக்கிற கடைசி வரி வெட்டுப்பட்டிருக்கும். "மொடியூல் நொட் ஃபவுண்ட் எரர்" என்றால் அந்தப் பெயரில் ஒன்றையும் பைதன் காணவில்லை: எழுத்துப் பிழை, அல்லது இன்ஸ்டோல் செய்யவில்லை, அல்லது இன்ஸ்டோல் செய்தது வேறொரு பைதனுக்குள். "இம்போர்ட் எரர்: கெனொட் இம்போர்ட் நேம்" என்றால் மொடியூல் கிடைத்துவிட்டது, நீங்கள் கேட்ட பொருள் அதற்குள் இல்லை. "அட்ரிபியூட் எரர்" என்றால் இம்போர்ட் வரி தப்பிப் பிழைத்துவிட்டது, பிறகு புள்ளி வைத்துக் கூப்பிட்ட இடத்தில் ஆள் இல்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கடைசி வரியைப் பார்க்காமல் எல்லாவற்றையும் அழித்து பைதனைத் திரும்ப இன்ஸ்டோல் செய்வது பல்லுவலிக்குக் காலில் எண்ணெய் பூசுகிற கதை.

இந்த மூன்றாவது வகையைத்தான் நான் அதிகம் காண்கிறேன், அதற்குக் காரணம் பைதனை எழுதியவர்கள் வைத்த பெயர். டேட்டைம் என்ற மொடியூலுக்குள்ளே டேட்டைம் என்றே ஒரு கிளாஸ் (ஒரு வகைப் பொருளைச் செய்கிற அச்சு) இருக்கிறது. அப்பப்பாவின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைத்த வீடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். படலையில் நின்று "கந்தையா" என்று கூப்பிட்டால் யார் வெளியே வருவார் என்பது நீங்கள் யாரை நினைத்தீர்கள் என்பதில் இல்லை, அந்த நேரம் யார் வீட்டில் இருக்கிறார் என்பதில்தான் இருக்கிறது. இப்படி எழுதினால்:

இம்போர்ட் டேட்டைம்

வீட்டில் இருப்பது அப்பப்பா, அதாவது முழு மொடியூல். இப்போதைய நேரம் வேண்டுமென்றால் டேட்டைம்.டேட்டைம்.நவ்() என்று இரண்டு தரம் சொல்லவேண்டும். வெறும் டேட்டைம்.நவ்() என்றால் "மொடியூல் டேட்டைமுக்கு நவ் என்ற அட்ரிபியூட் இல்லை" என்று வரும். டேட்டைம்(2025, 7, 29) என்று நேரே அடைப்புக்குறி போட்டால் "மொடியூல் ஒப்ஜெக்ட் இஸ் நொட் கோலபிள்" என்று வரும். இரண்டும் ஒரே நோய்.

ஃப்ரம் டேட்டைம் இம்போர்ட் டேட்டைம்

இப்படி எழுதினால் வந்திருப்பது பேரப்பிள்ளை, கிளாஸ் மட்டும். இப்போது டேட்டைம்.நவ்() ஓடும், டேட்டைம்.டேட்டைம்.நவ்() ஓடாது. எரர் "டைப் ஒப்ஜெக்ட்" என்று தொடங்கும். அந்த இரண்டு சொல்லையும் கண்டால் கையிலிருப்பது கிளாஸ், "மொடியூல்" என்று தொடங்கினால் கையிலிருப்பது மொடியூல், இதை மட்டும் மனதில் வைத்திருந்தாலே அரைவாசி வேலை முடிந்தது. நாட்களைக் கூட்டிக் கழிக்க உதவுகிற டைம்டெல்ட்டாவைக் காணவில்லை என்று "நேம் எரர்" வந்தாலும் இதே இடம்தான்: ஃப்ரம் வரியில் டேட்டைமை மட்டும் கேட்டால் டைம்டெல்ட்டா தானாக வராது, கமா போட்டு அதையும் கேட்கவேண்டும்.

இதில் மோசமானது, இரண்டு வரியையும் ஒரே பைலில் எழுதுவது. மேலே ஒரு இடத்தில் ஃப்ரம், நாற்பது வரி கீழே நண்பனிடமிருந்து வெட்டி ஒட்டிய துண்டில் வெறும் இம்போர்ட். பைதன் சண்டைக்கு வராது, கடைசியாக வந்தவருக்குத்தான் பெயர் என்று பேசாமல் இருந்துவிடும், நேற்று ஓடிய வரி இன்று ஓடாது. டைம் என்ற பெயருக்கும் இதே கதை. டேட்டைமுக்குள் டைம் என்று ஒரு கிளாஸ் இருக்கிறது, வெளியே டைம் என்று தனி மொடியூலும் இருக்கிறது. டைம்.ஸ்லீப்(1) என்று எழுதியபோது "டேட்டைம்.டைமுக்கு ஸ்லீப் இல்லை" என்று எரர் வந்தால், ஃப்ரம் டேட்டைம் இம்போர்ட் என்று போட்டுப் பக்கத்தில் நட்சத்திரக் குறி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த நட்சத்திரம் உள்ளே இருக்கிற எல்லாப் பெயரையும் அள்ளிக்கொண்டு வந்து கொட்டும். திகதி வேலையில் அதைத் தொடவே வேண்டாம்.

நான் எப்போதும் எழுதுவது இது:

இம்போர்ட் டேட்டைம் அஸ் டிடி

பிறகு டிடி.டேட்டைம், டிடி.டேட், டிடி.டைம்டெல்ட்டா. ஒரு குழப்பமும் இல்லை, பேரப்பிள்ளை பேரப்பிள்ளையாகவும் அப்பப்பா அப்பப்பாவாகவும் இருப்பார்கள். உதாரணத்துக்கு, 2025இல் நல்லூர்க் கோயில் கொடியேற்றம் யூலை 29. தேர் இருபத்துநாலாம் திருவிழா. கொடியேற்ற நாளையே முதலாவதாக எண்ணுவதால் கூட்டவேண்டியது 23.

கொடி = டிடி.டேட்(2025, 7, 29)
தேர் = கொடி + டிடி.டைம்டெல்ட்டா(டேஸ்=23)
ப்ரின்ட்(தேர்)

2025-08-21 என்று வரும், தேரும் அன்றைக்குத்தான் ஓடியது. இதில் கொடி, தேர் இரண்டையும் நீங்கள் தமிழ் எழுத்திலேயே அடிக்கலாம், பைதன் 3 தமிழ் மாறிப்பெயர்களை ஏற்றுக்கொள்ளும். மாதத்தை 07 என்று மட்டும் அடிக்காதீர்கள், முன்னால் பூச்சியம் வைத்த எண்ணைப் பைதன் 3 சின்டக்ஸ் எரர் என்று திருப்பி அனுப்பும்.

அடுத்தது நானே விழுந்த குழி. மேலே உள்ள கணக்கை இருபத்தைந்து நாளுக்கும் நீட்டி, ஒவ்வொரு திருவிழாவுக்கும் திகதியை வரிசையாக அச்சடிக்கிற ஒரு சின்ன புரோகிராம் எழுதி, கலண்டர்.பை என்று பெயர் வைத்துச் சேமித்தேன். நன்றாக ஓடியது. ஒரு கிழமை கழித்து, அதே போல்டருக்குள் ஒரு ரியூசன் நிலையத்துக்காகக் காசு கட்டிய திகதிகளை வாசிக்கிற வேறொரு புரோகிராம் எழுதினேன். அதில் எழுத்தாக இருக்கிற திகதியை உண்மையான திகதியாக மாற்றுகிற எஸ்டிஆர்பிடைம் வரி வந்தவுடன், திரையில் நல்லூர்த் திருவிழா இருபத்தைந்தும் கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை வரிசையாக ஓடின, அதன்பிறகு "மொடியூல் கலண்டருக்கு டே_அப்ர் இல்லை" என்று எரர். நான் கலண்டரை இம்போர்ட் செய்யவேயில்லை! எனக்கு அரை மணித்தியாலம் விளங்கவில்லை.

நடந்தது இதுதான். எஸ்டிஆர்பிடைம் வேலை செய்வதற்குக் கிழமை நாட்களின் பெயர் வேண்டும், அதற்காக அது உள்ளுக்குள்ளே பைதனின் கலண்டர் மொடியூலைக் கூப்பிடுகிறது. பைதன் ஒரு பெயரைத் தேடும்போது தன் உடம்போடு கட்டப்பட்ட மொடியூல்களை முதலில் பார்க்கும், பிறகு ஓடுகிற பைல் இருக்கிற போல்டர், அதன்பிறகுதான் தன்னோடு வந்த நூலகம், கடைசியில் நீங்கள் பிப்பால் போட்ட பொதிகள். ஆகவே என் போல்டரில் கிடந்த கலண்டர்.பை முந்திக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடப்போய் என் பிள்ளையே ஓடிவந்து நல்லூர்த் திருவிழாவை ஒப்புவித்துவிட்டான்.

இதே குழிக்குள் அதிகம் பேர் விழுவது டேட்டைம்.பை என்று பெயர் வைத்து. டேட்டைமைப் பழகுகிறோம், பைலுக்கும் அந்தப் பெயரையே வைப்போம் என்று நினைப்பது இயற்கைதானே. அப்போது பைல் தன்னைத்தானே இம்போர்ட் செய்யப் பார்க்கும், எரரில் "பார்ஷலி இனிஷியலைஸ்ட் மொடியூல்" என்றும் "மோஸ்ட் லைக்லி டியூ டு எ சேர்க்யுலர் இம்போர்ட்" என்றும் வரும். சேர்க்யுலர் என்ற சொல்லைக் கண்டு பயந்து பெரிய காரணமெல்லாம் தேடவேண்டாம், உங்கள் பைலின் பெயரைப் பாருங்கள். பைதன் 3.13இலிருந்து இந்தச் செய்தியே பெயரை மாற்றச் சொல்லி நேராகச் சொல்கிறது. டைம்.பை என்று பெயர் வைத்தால் நடப்பது வேறு. டைம் மொடியூல் பைதனின் உடம்போடு இருப்பதால் உங்கள் பைலை அது திரும்பியும் பார்க்காது, எரரும் வராது, ஆனால் உங்கள் பைலை நீங்களே இன்னொரு பைலிலிருந்து இம்போர்ட் செய்யப்போனால் கிடைக்காது.

சந்தேகம் வந்தால் ஊகிக்கவேண்டாம், பைதனிடமே கேளுங்கள். இம்போர்ட் வரிக்குக் கீழே:

ப்ரின்ட்(டேட்டைம்.__ஃபைல்__)

கையில் மொடியூல் இருக்கும்போது மட்டும் இது ஓடும், ஃப்ரம் போட்டுக் கிளாஸை எடுத்திருந்தால் ஓடாது. ஃபைல் என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு. வருகிற பாதை பைதன் இருக்கிற இடத்தைக் காட்டினால் நல்லது. டெஸ்க்டொப்பையோ பென் டிரைவையோ காட்டினால் திருடன் அங்கேதான் இருக்கிறான். பைலின் பெயரை நல்லூர்_திகதி மாதிரி வேறு ஏதாவதாக மாற்றுங்கள். பெயரை மாற்றிய பிறகும் எரர் போகாவிட்டால், ஜூபிட்டர் என்றால் கேர்னலையும், ஐடில் என்றால் ஷெல்லையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள், ஏனென்றால் ஒருமுறை ஏற்றிய மொடியூலைப் பைதன் நினைவில் வைத்திருக்கும். __பைகேஷ்__ போல்டரை அழி என்று யாராவது சொல்வார்கள். பைதன் 2 காலத்தில் அது சரியான ஆலோசனை. இப்போது மூலப் பைல் இல்லாவிட்டால் அதற்குள் மிஞ்சிக்கிடப்பதைப் பைதன் எடுக்காது. அழிப்பதால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை.

இனி உண்மையாகவே இன்ஸ்டோல் செய்யவேண்டிய சாமான். டைம்டெல்ட்டாவுக்கு நாளும் கிழமையும் தெரியும், மாதம் தெரியாது. சீட்டுப் பிடிக்கிறவர்கள் மாதாமாதம் ஒரே திகதிக்குத் தவணை கேட்பார்கள், யனவரி 31இல் தொடங்கிய சீட்டுக்கு அடுத்த தவணை என்றைக்கு என்று கேட்டால் டைம்டெல்ட்டா கையை விரிக்கும். அதற்கு டேட்யூட்டில் வேண்டும், அதன் ரிலேட்டிவ்டெல்ட்டா பெப்ரவரியின் கடைசி நாளைச் சரியாகத் தரும். இங்கே சிக்கல் என்னவென்றால் கடையில் கேட்கிற பெயர் வேறு, வீட்டில் கூப்பிடுகிற பெயர் வேறு. "பிப் இன்ஸ்டோல் டேட்யூட்டில்" என்றால் கிடைக்காது. இன்ஸ்டோல் செய்கிற பெயர் பைதன்-டேட்யூட்டில், நடுவில் சிறு கோடு. இம்போர்ட் செய்கிற பெயர் வெறும் டேட்யூட்டில்:

பைதன் -எம் பிப் இன்ஸ்டோல் பைதன்-டேட்யூட்டில்
ஃப்ரம் டேட்யூட்டில்.ரிலேட்டிவ்டெல்ட்டா இம்போர்ட் ரிலேட்டிவ்டெல்ட்டா

முன்னால் "பைதன் -எம்" ஏன் என்று கேட்பீர்கள். வெறும் பிப் என்று அடித்தால் அது எந்தப் பைதனின் பிப் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு லப்டொப்பில் மூன்று பைதன் இருப்பது சாதாரணம்: விண்டோஸ் ஸ்டோரில் எடுத்தது ஒன்று, இணையதளத்திலிருந்து இறக்கியது ஒன்று, அனகொண்டாவோடு வந்தது ஒன்று. பிப் ஒன்றுக்குள் போடும், விஎஸ் கோட் இன்னொன்றை ஓட்டும், "இன்ஸ்டோல் செய்தேன் அண்ணை, இருந்தும் இல்லையாம்" என்று நீங்கள் வந்து நிற்பீர்கள். எரர் வருகிற அதே புரோகிராமில் இதைப் போட்டு ஓட்டுங்கள்:

இம்போர்ட் சிஸ்
ப்ரின்ட்(சிஸ்.எக்ஸிகியூட்டபிள்)

வருகிற பாதைதான் உண்மையில் ஓடுகிற பைதன். அந்தப் பாதையை அப்படியே டெர்மினலில் ஒட்டி, பின்னால் "-எம் பிப் இன்ஸ்டோல்" என்று தொடர்ந்தால் சரியான இடத்துக்குள் போகும். பாதையில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் வையுங்கள், பவர்ஷெல் என்றால் அதற்கு முன்னால் & குறியும் வேண்டும். விண்டோஸில் "பை -0" என்று அடித்தால் என்னென்ன பதிப்பு இருக்கிறது என்று பட்டியல் வரும், விஎஸ் கோட்டில் "செலக்ட் இன்டர்பிரட்டர்" என்று தேடி ஒன்றைத் தெரிவுசெய்யலாம். உபுண்டு 24.04இல் பிப் "எக்ஸ்டேர்னலி மனேஜ்ட்" என்று சொல்லி மறுக்கும், அதற்கு வென்வ் (தனியாக ஒதுக்கிய பைதன் போல்டர்) உருவாக்கி அதற்குள் போடுங்கள், வற்புறுத்தி உள்ளே தள்ளவேண்டாம்.

பதிப்பு வித்தியாசமும் ஆளைச் சுற்றவைக்கும். ஃப்ரம் டேட்டைம் இம்போர்ட் யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எங்கேயோ கண்டு எழுதினால், யூடிசியின் மூன்றும் பெரிய எழுத்து, அது பைதன் 3.11இலிருந்துதான் ஓடும். உபுண்டு 22.04 தருவது 3.10, அங்கே "கெனொட் இம்போர்ட் நேம்" வரும். பழைய வழி எல்லா இடத்திலும் ஓடும்: டிடி.டைம்ஸோன்.யூடிசி, கடைசி மூன்று எழுத்தும் பெரிது. நாடுகளின் நேர வலயங்களைத் தருகிற ஸோன்இன்ஃபோ மொடியூல் வந்தது 3.9இல். இது எங்களுக்கு முக்கியம், ஏனென்றால் விண்டோஸ் 7 ஓடுகிற பழைய கணினிகள் இன்னும் இருக்கின்றன, அவற்றில் 3.8க்கு மேல் பைதன் ஏறாது, வீட்டு லப்டொப்பில் ஓடியது அங்கே கொண்டுபோனால் "நோ மொடியூல் நேம்ட் ஸோன்இன்ஃபோ" என்று விழும். அங்கே பேக்போர்ட்ஸ்.ஸோன்இன்ஃபோ என்ற பொதியைப் போட்டு, ட்ரை, எக்ஸெப்ட் இம்போர்ட்எரர் (இம்போர்ட்டுக்கும் எரருக்கும் முதலெழுத்து பெரிது) என்று எழுதி, முதலில் புதியதைக் கேட்டு இல்லையென்றால் பழையதை எடுக்கச் சொல்லலாம்.

விண்டோஸில் ஸோன்இன்ஃபோ இம்போர்ட் ஆன பிறகும் இன்னொரு மூலையில் விழும். உலக நேர வலயங்களின் தரவு லினக்ஸில் பொதுவாக இருக்கும், விண்டோஸில் பைதனுக்கு ஏற்ற வடிவில் இல்லை. அதனால் ஸோன்இன்ஃபோ("ஏசியா/கொலம்போ") என்று கேட்டால் "நோ டைம் ஸோன் ஃபவுண்ட் வித் கீ" என்று வரும். மருந்து, பிப்பால் டிஇசட்டேட்டா என்ற பொதியைப் போடுவது, டி, இசட் இரண்டு எழுத்தும் அதோடு டேட்டா. ஆனால் ஊர்ப்பற்றில் "ஏசியா/ஜஃப்னா" என்று அடித்தாலும் இதே செய்திதான் வரும், அப்படி ஒரு வலயம் பட்டியலில் இல்லை. எது காரணம் என்று பிரித்தறிய ஸோன்இன்ஃபோ("யூடிசி") என்று கேட்டுப்பாருங்கள். அதுவும் விழுந்தால் தரவு இல்லை, அது ஓடினால் நீங்கள் அடித்த பெயர்தான் பிழை. ஏசியா, கொலம்போ இரண்டுக்கும் முதலெழுத்து பெரிது, கிளாஸின் பெயரில் ஸோனுக்கும் இன்ஃபோவுக்கும் முதலெழுத்து பெரிது.

யூடிசியோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் போதாதா, இதெல்லாம் எதற்கு என்று ஒரு தம்பி கேட்டார். இன்றைய திகதிக்குப் போதும். 2000ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் காலை ஆறு மணியை ஏசியா/கொலம்போவில் போட்டு .யூடிசிஓஃப்செட்() கேட்டுப்பாருங்கள், 6:00:00 என்று வரும். இலங்கை 1996 மே 25இல் மணிக்கூட்டை யூடிசிக்கு ஆறரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது, அந்த ஒக்டோபர் 26இல் ஆறுக்கு இறக்கியது, 2006 ஏப்ரல் 15இல் திரும்ப ஐந்தரைக்கு வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் இந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை, அங்கே ஐந்தரைதான் ஓடியது, 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு முகமாலைச் சோதனைச்சாவடியைத் தாண்டும்போது மணிக்கூட்டில் அரை மணித்தியாலம் மாறும். அந்தப் பழைய நேரத்துக்கு நேர வலயத் தரவில் தனிப்பெயர் இல்லை. அந்தக் காலத்து வன்னிப் பதிவு ஒன்றைக் கணினியில் ஏற்றுகிறீர்கள் என்றால் டிடி.டைம்ஸோன்(டிடி.டைம்டெல்ட்டா(ஹவர்ஸ்=5, மினிட்ஸ்=30)) என்று கையாலேதான் எழுதவேண்டும். அதற்கு ஸோன்இன்ஃபோவும் வேண்டாம், டிஇசட்டேட்டாவும் வேண்டாம், அந்த விண்டோஸ் 7 கணினியிலும் ஓடும்.